போட் டிரெய்லருக்கு பிரேக் பைப்பு மாத்தணும், எந்தப் பைப்பு போடலாம்?

தூண்டில்காரன் (ஊத்தான் மெலிந்தாங்)

அண்ணன்மாரே வணக்கம். நான் மலேசியா, பேராக்ல ஊத்தான் மெலிந்தாங் பக்கம், தோட்டத்துலதான் வேலை, லீவு கெடைச்சா போட்டை இழுத்துக்கிட்டு பாகான் டத்தோ பக்கம் செனாங்கின் மீன் புடிக்கப் போயிடுவேன். போட் 18 அடி ஃபைபர். டிரெய்லர் செகண்ட் ஹேண்டு, அமெரிக்கா மாடல், ஒரே ஆக்ஸில், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். கரண்டு பிரேக் இல்ல, காடி ஸ்லோ பண்ணா டிரெய்லர் முன்னால தள்ளும், தள்ளுனா கொக்கிக்குள்ள இருக்கிற மாஸ்டர் பம்பு அமுங்கி அதுவா பிரேக் புடிக்கும், அந்த டைப்பு.

போன சனிக்கிழமை திரும்பி வரப்ப சிம்பாங்ல (ரோடு பிரியிற சந்தியில) முன்னால போன செம்பனை லோரி சட்டுனு நின்னுச்சு, நானும் மிதிச்சேன், ஹைலக்ஸ் பிக்கப் நிக்குது ஆனா பின்னாலேர்ந்து யாரோ முதுகுல கை வச்சு தள்ளுற மாதிரி இருந்துச்சு, லோரிக்கும் எனக்கும் ஒரு முழம்தான் கேப்பு, லோரிக்குப் பின்னால நீட்டிக்கிட்டு இருந்த குலையில முள்ளு எத்தனைன்னு எண்ணியிருக்கலாம். ஓரமா போட்டுட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா இரும்புப் பைப்பு ஈரமா இருக்கு. கிளிப்பைக் கழட்டுனா அதுக்கு அடியில அப்பளம் மாதிரி உதிருது. வெளியில பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, கிளிப்பு மூடியிருந்த இடம்தான் தின்னுருக்கு.

இப்ப ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பட்டணத்து ஸ்பேர் பார்ட் கடையில சாதா ஸ்டீல் பைப்பே போதும்னு சொல்றாரு. ஏர்கோன் (ஏசி) வேலை செய்யிற மச்சான் செம்புக் குழா போடு துருவே புடிக்காதுன்றான். தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல கூட்டாளி ஒருத்தன் கிராபருக்கு (செம்பனைக் குலை தூக்குற மெஷினுக்கு) ஹோஸ் அடிக்கிற கடைக்குப் போய் முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் ஒரே ரப்பர் ஹோஸா அமுக்கி வாங்கிக்கன்றான். இன்னொருத்தர் கெட்ட இடத்தை மட்டும் வெட்டிட்டு நடுவுல ஜாயின்ட் போட்டா இருபது வெள்ளியில (ரிங்கிட்) முடிஞ்சிடும்னு சொல்றாரு. எதை நம்புறது?


கூலிம்_பெங்கெல்

தம்பி முதல்ல அந்த இருபது வெள்ளி ஜாயின்ட் யோசனையைத் தூக்கிப் போடுங்க. ஒரு கிளிப்புக்கு அடியில உதிருதுன்னா மத்த கிளிப்புக்கு அடியிலயும் அதே கதைதான், இன்னிக்கு இங்க ஒட்டுனா அடுத்த மாசம் ரெண்டடி தள்ளி ஒழுகும். அதுவும் தண்ணிக் குழாய்க்குப் போடுற மாதிரி வளையம் வச்சு இறுக்குற ஜாயின்ட் பிரேக்குல போடவே கூடாது, அழுத்தம் வந்தா பைப்பு உருவிக்கிட்டு வெளிய வந்துடும். முழுசா மாத்துங்க, மாஸ்டர் பம்புலேர்ந்து ரெண்டு சக்கரத்துக்கும் பிரியிற டீ ஜாயின்ட் வரைக்கும் ஒரே துண்டு, நடுவுல ஒட்டு வேணாம்.

எந்தப் பைப்புன்னு கேட்டா என் ஓட்டு செம்பு நிக்கலுக்குத்தான். குனிஃபர்னும் சொல்வாங்க, செம்புல ஏறக்குறைய 10 சதவீதம் நிக்கலும் கொஞ்சம் இரும்பும் மங்கனீசும் கலந்தது. உப்புத் தண்ணிக்கு இந்தக் கலவையைக் கப்பல் குழாய்க்கே போடுறாங்க. கையாலயே வளைக்கலாம், ஃபிளேர் அடிக்க, அதாவது பைப்பு வாயை விரிக்க, சுலபம். 25 அடி ரோலா வரும், 3/16 அங்குலம் வாங்குங்க, உங்க போட்டுக்கு ஒரு ரோல் தாராளம். ஆனா வாங்குறதுக்கு முன்னால பழைய பைப்பு வெளி அளவு பாத்துக்குங்க, சில அமெரிக்கா டிரெய்லர்ல முன்னாலேர்ந்து போற மெயின் லைன் 1/4 அங்குலமா இருக்கும்.

சாதா ஸ்டீல் தப்புன்னு சொல்ல மாட்டேன், காடிக்கெல்லாம் அதுதான், பூச்சு போட்டது வாங்குனா நெல்லு ஏத்துற டிரெய்லருக்கு வருஷக்கணக்கா ஓடும். உங்களுது வாரா வாரம் உப்புத் தண்ணியில முங்கி எழுந்திரிக்குது. விலை வித்தியாசம் ஒரு தடவை பெட்ரோல் ஊத்துற காசுதான் வரும்.


ஏர்கோன்_மச்சி

செம்புதானே செம்பு நிக்கல்னு சொல்றீங்க, அப்ப வெறும் செம்பு போட்டா என்னாலா? நான் என் கம்பத்து டிரெய்லருக்குப் போட்டேன், ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகல.


பழைய_ஃபிட்டர்

ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலன்னா இன்னும் ஆகலன்னு அர்த்தம் தம்பி.

வெறும் செம்பு ஆடிக்கிட்டே இருந்தா இறுகிப் போயிடும், இறுகுனா வெடிப்பு விடும். வீட்டு ஏர்கோன் சுவத்துல ஒட்டிக்கிட்டு சும்மா நிக்குது, டிரெய்லர் அப்படியா? தோட்டத்து லாட்ரைட் ரோட்டுல ஒரு நாள் ஓடுனாலே பல்லு ஆடிப்போகும். அது மட்டுமில்ல, ஏர்கோன் கேஸு அழுத்தம் பிஎஸ்ஐ கணக்குல நூத்துல இருக்கும், பிரேக்கை அமுத்திப் புடிச்சா ஆயிரத்தைத் தாண்டிடும். இன்னொண்ணு நீங்க ஏர்கோனுக்கு அடிக்கிறது ஒத்தை ஃபிளேர், வாயை ஒரு தடவை விரிச்சு விட்டா முடிஞ்சுது. பிரேக்குக்கு வாயை விரிச்சு அதை மறுபடி உள்ள மடிக்கணும், டபுள் ஃபிளேர், தகடு ரெண்டு பட்டையா நின்னாதான் நட்டு அமுக்குறப்ப கிழியாது. அந்த டிரெய்லர்ல ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போகாதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்ப அந்த கிராபர் ஹோஸ் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதுல நானே சூடு பட்டவன். நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தேன், எந்தத் தோட்டம்னு வேணாம். ஒரு தடவை வேன் ஒண்ணுக்கு பிரேக் ஆயில் கொறைஞ்சு போச்சு, ஸ்டோர்ல பிரேக் ஆயில் இல்ல, வேலைக்குப் புதுசா வந்த பையன் டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலை எடுத்து ஊத்திட்டான், ரெண்டும் ஆயில்தானேன்னு. அன்னிக்கு நல்லா ஓடுச்சு. ரெண்டு மூணு நாள் கழிச்சு பிரேக் விடவே மாட்டேங்குது, நாலு சக்கரமும் புடிச்சுக்கிச்சு. பிரிச்சுப் பாத்தா உள்ள இருந்த ரப்பர் கப்பெல்லாம் ஊறிப் போய் சைஸே மாறிடுச்சு, ஊற வச்ச கொண்டைக்கடலை மாதிரி கொழகொழன்னு. மாஸ்டர் பம்பு, சக்கரத்து பம்பு, ஹோஸ் எல்லாத்தையும் மாத்துனோம். பையனை ஏசுனாங்க, ஆயில் டின்னு ரெண்டையும் ஒரே ராக்குல லேபிள் இல்லாம வச்சிருந்த என்னைத்தான் ஏசியிருக்கணும்.

ஏன் இப்படி ஆவுதுன்னா பிரேக் ரப்பர் வேற சாதி, ஹைட்ராலிக் ரப்பர் வேற சாதி. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைகால்ல செஞ்சது, அதுக்கு இபிடிஎம் ரப்பர் தாங்கும். கிராபர், எக்ஸ்கவேட்டர் ஹோஸுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் நைட்ரைல், அது மினரல் ஆயிலுக்குன்னே செஞ்சது. மாத்திப் போட்டா ரெண்டும் ஊறிக் கெடும். ஹோஸ் கடைக்காரன் பெரிசா அழுத்தம் தாங்கும்னு காட்டுவான், அது நெசம்தான், அழுத்தம் தாங்கும், ஆயில் தாங்காது. அதனால ஃபிரேமுலேர்ந்து ஆக்ஸிலுக்கு இறங்குற இடத்துல மட்டும் ரப்பர் ஹோஸ் போடுங்க, அதுவும் பிரேக்குக்குன்னே வர்ற ஹோஸ், மேல எஸ்ஏஇ ஜே1401ன்னு பிரேக் ஹோஸ் தரக் குறி அச்சு இருக்கான்னு பாருங்க.

பழைய ஹோஸையும் விட்டு வைக்காதீங்க. வெளியில நல்லா இருக்கும், உள்ள வீங்கி ஓட்டை சின்னதாயிருக்கும். ஆயில் போகும், திரும்பி வராது. ஒரு பக்க ஹப்பு மட்டும் கை வைக்க முடியாத சூடு இருந்தா முதல்ல அந்தப் பக்கத்து ஹோஸைச் சந்தேகப்படணும்.


சித்தியவான்_ராஜா

எல்லாரும் ஸ்டெயின்லெஸ்ஸை மறந்துட்டீங்களே. நான் லுமூட்ல போட் இறக்குறவன், ஸ்டெயின்லெஸ் போட்டு ஆறு வருஷம் ஆச்சு, பளபளன்னு இருக்கு. காசு கூடத்தான், ஆனா ஒரு தடவை போட்டா போதும்.


கூலிம்_பெங்கெல்

ராஜா அண்ணே நீங்க சொல்றது தப்பில்ல, ஆனா உங்களுக்கு யாரு ஃபிளேர் அடிச்சுக் கொடுத்தாங்க? ஸ்டெயின்லெஸ் கெட்டி, கைக் கருவியில டபுள் ஃபிளேர் அடிச்சா ஓரத்துல முடி மாதிரி வெடிப்பு விடும், கண்ணுக்குத் தெரியாது, ஆயில் மட்டும் கண்டுபிடிச்சு வெளிய வந்துடும். அடிச்சு முடிச்ச செட்டா வாங்குனா நல்ல சாமான். வீட்டுல கருவி வச்சு அடிக்கிற ஆளுக்கு அது தலைவலி, அதான் சொல்லல. வளைச்சதைத் திருப்பி நிமித்தறதும் கஷ்டம், செம்பு நிக்கல்னா தப்பா வளைச்சாலும் மன்னிச்சு விட்டுடும்.


சித்தியவான்_ராஜா

செட்டாதான் வாங்குனேன் லா. ஒத்துக்கிறேன்.


தூண்டில்காரன்

ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். ரோல் ஆர்டர் போட்டு வந்துடுச்சு, ஹோஸும் புதுசு வாங்கிட்டேன், ஸ்பேர் பார்ட் கடையில ஜப்பான் காடிக்கு வர்றது இருந்துச்சு நீளம் சரியா இருந்ததால எடுத்துட்டேன். இப்ப என்ன கூத்துன்னா ரோலோட வந்த நட்டை இந்த ஹோஸுல போட்டா கையாலயே சர்ருன்னு போவுது ஆனா லேசா ஆடுது. இறுக்குனா புடிக்கும்தானே? டெஃப்லான் டேப்பு ரெண்டு சுத்து சுத்திடவா?


கூலிம்_பெங்கெல்

நிறுத்துங்க நிறுத்துங்க, இறுக்காதீங்க.

இதுதான் இந்த வேலையில பெரிய பள்ளம், நல்ல வேளை கேட்டீங்க. அமெரிக்கா நட்டு 3/8 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 24 மரை. ஜப்பான் நட்டு எம்10, மரைக்கு மரை 1 மில்லி. 3/8ன்னா 9.5 மில்லி, எம்10ன்னா 10 மில்லி. 24 மரைன்னா ஒரு மரைக்கு 1.06 மில்லி, அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால சின்ன நட்டு பெரிய ஓட்டையில ஒழுங்காப் போற மாதிரியே போகும், ஆடும், இறுக்குனா கொஞ்ச தூரம் புடிக்கும், சிம்பாங்ல ஒரு நாள் மிதிப்பீங்க அப்ப மரையைப் பிச்சுக்கிட்டு வந்துடும். மாத்திப் போட்டா, எம்10 நட்டை 3/8 ஓட்டையில வச்சா ஏறவே ஏறாது, அதனால அந்தப் பக்கம் பயமில்ல. வெர்னியர் இருந்தா நட்டு வெளி மரையை அளந்து பாருங்க, இல்லன்னா பழைய ஹோஸை எடுத்துக்கிட்டு கடைக்குப் போய் அதுல நட்டைக் கையாலயே முழுசா ஓட்டிப் பாருங்க, ஆடாம போகணும்.

உங்களுக்கு வழி ரெண்டு. 3/8 வாய் வச்ச டிரெய்லர் ஹோஸைத் தேடி வாங்குங்க, இல்ல ஜப்பான் ஹோஸே வேணும்னா அந்த முனைக்கு மட்டும் எம்10 நட்டு மாட்டி ஃபிளேர் அடிங்க. ரெண்டுக்கும் 45 டிகிரி டபுள் ஃபிளேர்தான், அதுல சிக்கல் இல்ல. ஐரோப்பா காடி சாமான் கொண்டு வந்து கொடுத்தா மட்டும் வாங்காதீங்க, அதுல ஃபிளேர் உருண்டையா காளான் குடை மாதிரி இருக்கும், உங்க டீ ஜாயின்ட்ல சரியா உக்காராது.

டெஃப்லான் டேப்பு வேணவே வேணாம். இங்க ஒழுகாம புடிக்கிறது மரை இல்ல, ஃபிளேர் வாயி உள்ள இருக்கிற கூம்புல அமுங்கி உக்காருறதுதான். டேப்பு சுத்துனா நட்டு சரியா இறங்காது, கிழிஞ்ச துணுக்கு உள்ள போய் அடைக்கும்.


பழைய_ஃபிட்டர்

பெங்கெல் தம்பி சொன்னதுக்கு மேல நாலு வார்த்தை. ஹாக்சாவால அறுக்காதீங்க, பைப்பு கட்டர் வாங்குங்க. அறுத்ததும் உள் வாயில இருக்கிற பிசிரைச் சுரண்டி எடுத்து காத்து அடிச்சு ஊதிடுங்க. துண்டு பைப்புல ரெண்டு மூணு அடிச்சுப் பழகிட்டு அப்புறம் நெசப் பைப்புல அடிங்க, அச்சுல ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டுக்குங்க. ரொம்ப முக்கியம், ஃபிளேர் அடிக்கிறதுக்கு முன்னால நட்டை பைப்புல கோத்துடுங்க. சிரிக்காதீங்க, எல்லாரும் ஒரு தடவையாவது மறப்பாங்க.

பைப்பு அளவு எடுக்க கயிறு வச்சு ஃபிரேமோட ஓட்டிப் பாத்து ஒரு அடி கூட வச்சு வெட்டுங்க. ஃபிரேம் ஓட்டை வழியா போற இடத்துல ரப்பர் வளையம் போடுங்க. கிளிப்பும் ரப்பர் போட்ட கிளிப்பா வாங்குங்க, இரும்பு கிளிப்பு நேரா செம்பு மேல ஒக்காந்தா உப்புத் தண்ணியில ஒண்ணை ஒண்ணு தின்னும். உங்க ஃபிரேம் கல்வனைஸா (துத்தநாகம் பூசுன இரும்பு) அலுமினியமா? அலுமினியம்னா இன்னும் மோசம், பைப்பு நல்லா இருக்கும், ஃபிரேம் ஓட்டையாயிடும்.


தூண்டில்காரன்

கல்வனைஸ்தான் மாமா.

முடிச்சுட்டேன்! நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வீட்டு முன்னால, பொண்டாட்டி கதவுல நின்னு ஏசிக்கிட்டே டார்ச் புடிச்சா. 3/8 ஹோஸ் கிடைச்சுது, நட்டு கையாலயே ஆடாம முழுசா போச்சு, அந்த வித்தியாசம் விரல்லயே தெரியுது. முதல் ஃபிளேர் கோணிக்கிச்சு. ரெண்டாவது ரொம்ப அழகா வந்துச்சு, எடுத்து விளக்குல காட்டி ரசிச்சேன், பாத்தா நட்டு மேசை மேல இருக்கு. மாமா நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, பொண்டாட்டி அப்பத்தான் சிரிச்சா.

காத்து எடுக்கறதுக்குத்தான் ரொம்ப நேரம். பம்புலேர்ந்து தூரமா இருக்கிற சக்கரத்துலேர்ந்து ஆரம்பிச்சேன், ஒரு பக்கம் குமிழி நிக்கவே இல்ல. அப்புறம் பாத்தா அந்தப் பக்கம் காலிப்பரை (டிஸ்க்கை அமுக்கிப் புடிக்கிற சாமான்) பழைய ஆளு தலைகீழா மாட்டியிருக்காரு, காத்து விடுற ஸ்குரூ கீழ இருக்கு, காத்து மேலதானே நிக்கும் எப்படி வரும். கழட்டி ஸ்குரூ மேல வர்ற மாதிரி மாட்டுனேன், ரெண்டு நிமிசத்துல சுத்தமாயிடுச்சு. டாட் 3 புதுசு டின்னு உடைச்சு ஊத்துனேன். இன்னிக்குக் காலையில காலி ரோட்டுல மிதிச்சுப் பாத்தேன், டிரெய்லர் கம்முனு பின்னாலயே நிக்குது. ஹப்பு ரெண்டும் ஒரே சூடு.

ஆனா இப்ப புதுப் பிரச்சினை. வீட்டு வாசல் கொஞ்சம் மேடு. முன்னெல்லாம் ரிவர்ஸ்ல ஏத்தி விடுவேன், இப்ப ஏற மாட்டேங்குது, சக்கரம் அப்படியே லாக் ஆகி இழுபடுது. ஜெட்டியில (படகுத் துறையில) தண்ணிக்கு இறக்கறப்ப இப்படி இல்ல. ஏதும் தப்பா மாட்டிட்டேனா?


கூலிம்_பெங்கெல்

தப்பா மாட்டல தம்பி, முதல் தடவையா சரியா வேலை செய்யுது. ஜெட்டியில டிரெய்லர் கீழ இழுத்துக்கிட்டுப் போகும், கொக்கி அமுங்காது. மேட்டுல ரிவர்ஸ் எடுத்தா காடி டிரெய்லரைத் தள்ளுது, கொக்கி அமுங்குது, பிரேக் அதுபாட்டுக்குப் புடிக்குது. முன்ன பைப்பு ஒழுகுனதால உங்களுக்குத் தெரியல.

டிஸ்க் பிரேக் டிரெய்லர்ல இதுக்குன்னு மாஸ்டர் பம்பு பக்கத்துல ஒரு சோலினாய்டு வால்வு இருக்கும், காடி ரிவர்ஸ் லைட்டு எரிஞ்சா அதுக்குக் கரண்டு போய் ஆயிலை மறிச்சிடும். அதுக்கு அஞ்சாவது ஒயர் வேணும். உங்க பிளக்குல எத்தனை பின்னு?


தூண்டில்காரன்

பிளக்குல நாலு பின்னுதான். இப்பத்தான் போய்ப் பாத்தேன், கொக்கிக்குக் கீழ நீல ஒயர் ஒண்ணு வெட்டி விட்டு கறுப்பு டேப்பு சுத்தி வச்சிருக்கு, டேப்பு மேல பெயிண்ட்டும் அடிச்சிருக்காங்க. எத்தனை வருஷமா இப்படியே இழுத்துக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க.


பழைய_ஃபிட்டர்

அஞ்சு பின்னு பிளக்கு வாங்கி நீல ஒயரை ரிவர்ஸ் லைட்டுக்கு இழுத்துடுங்க. நுனி பச்சை பூத்திருக்கும், பளபளன்னு செம்பு தெரியிற வரைக்கும் வெட்டிட்டு சால்டர் வைங்க, மேல வெப்பத்துல சுருங்குற குழா மாட்டுங்க. அது வரைக்கும் மேட்டுல ஏத்தாதீங்க, போட்டோட கழட்டி கையாலயும் தள்ளாதீங்க, ரோட்டோரமா கட்டை கொடுத்து நிறுத்துங்க. செனாங்கின் கெடைச்சா இந்தப் பக்கமும் ரெண்டு அனுப்புங்க.